ஏழு நாள் தீவுப் பயணம்: புறப்படுமுன் பேசவேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் பயணப் பேச்சும் தொடங்கிவிடும். முன்பு அந்தப் பேச்சு சுருளியில் தொடங்கித் தேக்கடியில் முடிந்தது, மிஞ்சினால் கொடைக்கானல். பிறகு வளைகுடாவில் வேலை பார்த்தோர் குடும்பத்தைத் துபாய்க்கு அழைத்தனர். உம்ராவோடு துருக்கியையும் சேர்த்துக் காட்டும் பயண ஏற்பாடுகள் வந்தன. இப்போது உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் கைப்பேசியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் காட்டி, "அத்தா, இந்தத் தடவை இங்கே போவோமா?" என்று கேட்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். சிசிலி, மால்டா, சைப்ரஸ் என்று தீவுகளின் பெயர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் புழங்கத் தொடங்கிவிட்டன.

இதைக் கேட்டவுடன் "வீண்விரயம்" என்று வாயடைக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்ன ஆயிற்று என்று பாருங்கள் எனத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் மட்டும் சொல்லவில்லை; பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பார்ப்பதற்காகவே செல்லும் பயணம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. ஆனால் அதே வசனங்கள் நம்மிடம் ஒன்றை எதிர்பார்க்கின்றன: பார்க்கவேண்டும். ஏழு நாளில் பதினான்கு ஊர்களைக் காட்டுவதாகச் சொல்லும் பயண முகவரின் பட்டியலில் பார்ப்பதற்கு நேரமில்லை. பேருந்தில் ஏறவும் இறங்கவும் படம் எடுக்கவும் மட்டுமே நேரம் இருக்கிறது. ஆகவே போவதா வேண்டாமா என்பதைவிட, அந்த வாரத்தைத் திட்டமிடுவது யார், எதை வைத்துத் திட்டமிடுவது என்பதே பேசவேண்டிய செய்தி என்று கருதுகிறோம்.

முதலில் பணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. இப்போது பயணம் செய்யுங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள் என்னும் விளம்பரங்களின் அடியில் இருப்பது வட்டி. மகளின் திருமணத்துக்கு வட்டிக்கு வாங்கமாட்டேன் என்று உறுதியாக நின்ற குடும்பங்கள், கடனட்டையின் மாதத் தவணையில் விமானச் சீட்டு எடுக்கும்போது அதை வட்டியாகவே எண்ணுவதில்லை. மருத்துவமனை வாசலில் நிற்பவனுக்கு நிர்ப்பந்தம் என்று ஒரு சொல் உண்டு. கடற்கரை பார்க்கப் போகிறவனுக்கு என்ன நிர்ப்பந்தம்?

அடுத்தது விசா. சிசிலியும் மால்டாவும் ஷெங்கன் விசாவுக்குள் அடங்குகின்றன. 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு அதன் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. இதற்கு வங்கிக் கணக்கு விவரம் காட்டவேண்டும். மைத்துனரிடமோ கூட்டாளியிடமோ சில இலட்சங்களைக் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டுவைத்து, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. "எல்லாரும் செய்வதுதானே" என்கிறோம். தன்னிடம் இல்லாத பணத்தைத் தன்னுடையதென்று கையொப்பமிட்டுக் காட்டுவதற்குப் பெயர் பொய். தொழுகைக்கு இடம் தேடித் தேடித் தொழப்போகும் ஒரு பயணத்தை இப்படித் தொடங்குவது நமக்கு ஒப்பவில்லை. இல்லையென்றால் அடுத்த ஆண்டு போகலாம்; தீவு எங்கும் போய்விடாது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஒரு குடும்பத்தை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று திரும்பும் அளவுக்குக் கையில் கடனற்ற பணம் இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத் தலைவருக்கு ஹஜ் கடமையாகிவிட்டதா என்று கணக்குப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. ஃபர்ளை நிலுவையில் வைத்துவிட்டுச் செல்லும் உல்லாசப் பயணத்துக்கு இந்தக் கட்டுரை வழி சொல்லவில்லை.

இவற்றைக் கடந்தவர்களுக்கு: எந்தத் தீவு?

சைப்ரஸ் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வரவேண்டியவர் உம்மு ஹராம் (ரலி). கடலின்மேல் அரசர்களைப் போல் வீற்றுச் செல்லும் தம் சமுதாயத்தாரைக் கனவில் கண்டு நபி (ஸல்) அவர்கள் புன்னகையோடு விழித்தபோது, நானும் அவர்களில் ஒருத்தியாக இருக்க துஆச் செய்யுங்கள் என்று கேட்டவர் அவர். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களோடு கடற்பயணம் சென்று, வாகனத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருடையதென்று சொல்லப்படும் அடக்கவிடமும் பள்ளிவாசலும் லார்னகா நகரத்தின் உப்பேரிக் கரையில் இன்றும் உள்ளன. மால்டாவின் சிறப்பு வேறு. அந்நாட்டு மொழியே அரபியின் கிளை. அங்குள்ள கிறிஸ்தவர்கள் இறைவனை 'அல்லா' என்றும், தங்கள் தவக்காலத்தை 'ரன்தான்' என்றும் அழைக்கின்றனர். ரமளான் என்ற சொல்லின் தேய்வு அது.

ஆயினும் நம் பள்ளத்தாக்கிலிருந்து முதன்முறையாகப் போகிறவர்களுக்குச் சிசிலியையே சொல்வோம். நீரையும் திராட்சையையும் கொண்டு வாழும் மக்களுக்கு அங்கே பார்க்க அதிகம் இருக்கிறது.

கி.பி. 827இல் கைரவானிலிருந்து புறப்பட்ட முஸ்லிம் படை, சிசிலியின் தென்மேற்குக் கரையில் மசாராவில் இறங்கியது. அதன் தலைவர் தொழில்முறைத் தளபதியல்லர். அசத் இப்னுல் ஃபுராத் என்னும் காழி. மதீனாவில் இமாம் மாலிக் அவர்களிடமும், ஈராக்கில் இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான இமாம் முஹம்மதிடமும் பாடம் கேட்டவர். ஹனஃபிகளான நமக்கு அவர் அவ்வளவு தூரத்து மனிதர் அல்லர். 831இல் பலெர்மோ வீழ்ந்தது. அதன்பின் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் அத்தீவில் முஸ்லிம்கள் ஆண்டனர். 1072இல் நார்மன்கள் பலெர்மோவைக் கைப்பற்றினர். 1091இல் தீவு முழுவதும் கைமாறியது.

அவர்கள் விட்டுச் சென்றவற்றில் அரண்மனைகளைவிட வாய்க்கால்களே நீடித்தன. எலுமிச்சையும் நாரத்தையும் கரும்பும் பருத்தியும் பயிரிட அவர்கள் நீரைத் தேக்கித் திருப்பினர். சிசிலிய உழவர் நீர்த்தொட்டியை 'ஜெப்பியா' என்பார். அது அரபியின் 'ஜாபியா'. நீர் இறைக்கும் சக்கரம் 'சேனியா', அது 'ஸானியா'. பாசன வாய்க்காலுக்குச் 'சாயா', அது 'ஸாக்கியா'. (குமுளியில் சாயா என்று கேட்டால் தேநீர் வரும். அங்கே கேட்டால் வயலுக்கு அழைத்துப் போவார்கள்.) பலெர்மோவின் அடியில், நிலத்துக்குள் குடைந்து நீரைக் கொண்டுசென்ற கனாத் என்னும் சுரங்க வாய்க்கால்கள் உள்ளன, சிலவற்றுள் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம்.

மலையைக் குடைந்து வந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் நீர், தேக்கடியிலிருந்து சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கும் அதுவே உயிர். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இடத்தில் நின்று, இந்த நீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள்? சிசிலிக்குப் போவதற்கு முந்திய மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை லோயர் கேம்ப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். மின்நிலையத்துக்கு இறங்கும் இராட்சதக் குழாய்களையும் பென்னிகுயிக் மணிமண்டபத்தையும் காட்டுங்கள். ஆற்றோடு வைகை அணைவரை ஒரு நாள் செல்லுங்கள். உள்ளூர் மதகைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைதான் பலெர்மோவின் கனாத்தைப் பார்த்தும் கேள்வி கேட்கும். மற்றவர்களுக்கு அது இருட்டான ஒரு குழி.

திராட்சையின் கதையும் இதைப் போன்றதே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். அந்தப் பழைய திராட்சைக்குச் சிசிலியில், குறிப்பாக அதைச் சார்ந்த பன்டெல்லேரியா தீவில், வழங்கும் பெயர் 'சிபிப்போ'. அரபியில் உலர்திராட்சையைக் குறிக்கும் 'ஸபீப்' என்ற சொல்லே அது. ஹதீஸ் பாடத்தில் நம் மதரஸாப் பிள்ளைகள் படிக்கும் அதே சொல். அங்கே அதிலிருந்து மது வடிக்கிறார்கள் என்பது உண்மை. பழமும் உலர்திராட்சையும் நமக்குப் போதும்.

இனி அந்த ஏழு நாள். சிசிலி நம் தேனி மாவட்டத்தைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் பெரியது. அதை முழுதும் சுற்றிவிட நினைப்பது பேராசை. எட்னா எரிமலையும் கிழக்குக் கரையும் அழகானவைதான். இந்த முறை விட்டுவிடுங்கள். மேற்குப் பாதி போதும்: பலெர்மோவில் நான்கு நாள், டிராப்பனியிலும் மசாராவிலும் மூன்று நாள்.

பலெர்மோவில் முதல் நாளை எந்தக் கட்டடத்துக்கும் கொடுக்காமல் நடந்தே கழிக்கலாம். நகரின் நடுவே ஓடும் பழைய நேர்த்தெருவை மக்கள் இன்றும் 'கஸ்ஸாரோ' என்கின்றனர். அல்கஸ்ர் என்பதன் எச்சம். கடலோரப் பகுதி 'கல்ஸா', அது அல்காலிஸா. சில தெருக்களின் பெயர்ப்பலகைகளில் இத்தாலியத்தோடு அரபியும் ஹீப்ருவும் எழுதப்பட்டிருக்கும். பெருந்தேவாலயத்தின் தென்வாசல் மண்டபத்தில் திருக்குர்ஆன் வசனம் பொறித்த தூண் ஒன்று நிற்கிறது. பள்ளிவாசலாக இருந்த இடம் அது. அரண்மனைக்குள் உள்ள பலத்தீன் சிற்றாலயத்தின் மேற்கூரையைப் பார்க்கக் கழுத்து வலிக்கும் வரை நிமிர்ந்து நிற்கலாம். தேன்கூட்டைப் போல் அடுக்கடுக்காக இறங்கும் மரவேலையும் அதன் ஓவியங்களும் முஸ்லிம் கைவினைஞர்களின் மரபிலிருந்து வந்தவை; கட்டச்சொன்னவர் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜர். அதே மன்னருக்காகவே அல்இத்ரீசி 1154இல் தம் புகழ்பெற்ற உலகப் புவியியல் நூலை முடித்தார். வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, பார்வையாளராக மட்டும் சென்று வாருங்கள். தேவாலயத்துக்குள் செல்வதில் ஐயமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு புறப்படட்டும். 'அல்அஸீஸா'விலிருந்து பெயர் பெற்ற சீசா மாளிகையில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. அங்கே இஸ்லாமியக் கலைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்துள்ளனர்.

இந்நகரில் தமிழும் கேட்கும். பல ஆண்டுகளாக இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் பலெர்மோவில் வாழ்கின்றனர். கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் கிடைக்கும் கடையை விசாரித்தால், நாலு நாளாகப் பேசாமல் அடைத்துக்கொண்டிருந்த வாய் திறக்கும்.

ஐந்தாம் நாள் டிராப்பனிக்குச் செல்லும்போது இப்னு ஜுபைரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவருடைய பயண நூலைச் சொல்கிறோம். கிரனாடாவில் பணிபுரிந்த அவர் ஹஜ் முடித்துத் திரும்புகையில், 1184ஆம் ஆண்டின் இறுதியில், மெசினா அருகே அவருடைய கப்பல் உடைந்தது. கரைசேர்க்கும் படகுக்குக் கொடுக்கப் பணமின்றித் தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக, நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியமே கட்டணம் கொடுக்கச் செய்தார் என்று நன்றியோடு எழுதுகிறார். ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் டிராப்பனியில் பெருநாள் வந்தது. முஸ்லிம்கள் முரசும் ஊதுகொம்பும் முழங்கத் தொழுதிடலுக்குப் போய்வருவதையும், கிறிஸ்தவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வதையும் கண்டு வியக்கிறார்.

அதே ஊரில் அவர் இன்னொன்றையும் கண்டார். ஊர்ப் பெரியவர்களில் ஒருவர், தம் கன்னி மகளைப் பயணிகளில் யாரேனும் மணந்து தம்மோடு முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துச் சென்றுவிடும்படி வேண்டினார். மகளை இனிக் காணவே முடியாது என்று தெரிந்தே கேட்டார். அவள் தன் தீனோடு வாழ்ந்தால் போதும் என்பதே அந்தத் தந்தையின் ஆசை. மன்னர் நல்லவர், பெருநாள் முரசு முழங்குகிறது, அரண்மனையில் அரபி எழுதுகிறார்கள். இருந்தும் அந்தத் தந்தைக்கு வரப்போவது தெரிந்திருந்தது. 1189இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், எஞ்சியோரை இத்தாலியின் நிலப்பகுதியிலுள்ள லூசெராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் லூசெராவும் அழிக்கப்பட்டது. அதன்பின் தீவில் மிஞ்சியவை கூரைகளும் வாய்க்கால்களும் சொற்களும்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்கவேண்டாம். பகைமையைக் கிளப்பாமல், யாரையும் குற்றக்கூண்டில் ஏற்றாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். டிராப்பனியின் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். வழிகாட்டி நூல்கள் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

அங்கிருந்து மசாராவுக்கு உப்பளங்களின் ஓரமாகச் செல்லலாம். அசத் இப்னுல் ஃபுராத் இறங்கிய அந்த ஊரில் இன்று துனீசிய மீனவக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 'கஸ்பா' என்னும் பழைய தெருக்களில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் பதில் வரும். பயணத் தேதிகளை அமைக்கும்போது வெள்ளிக்கிழமை பலெர்மோவிலோ மசாராவிலோ அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பலெர்மோவின் பழைய நகரத்தில் முன்னாள் தேவாலயக் கட்டடம் ஒன்றே இன்று பள்ளிவாசலாக இருக்கிறது.

தொழுகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் ஒரு வாரப் பயணத்தில்தான் மத்ஹபு வேறுபாடு நேராகக் குறுக்கிடுகிறது. ஹனஃபி மத்ஹபில், ஏறக்குறைய 77 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் ஓரிடத்தில் பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்க நாடினால் கஸ்ர் செய்வது கட்டாயம். எனவே ஏழு நாளும் லுஹரும் அஸரும் இஷாவும் இரண்டு ரக்அத்தே. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த மருமகனோ சம்பந்தியோ உடன் வந்தால் அவர் கணக்கு வேறு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நாடினால், அவர் அங்கே முழுமையாகத் தொழவேண்டும். நாம் சொன்னபடி நான்கு நாள் பலெர்மோ என்றால், வந்த நாளையும் புறப்படும் நாளையும் கழித்தபின் அவருக்கும் கஸ்ருக்கு இடமிருக்கும். ஏழு நாளையும் ஒரே விடுதியில் கழித்தால் இருக்காது. ஜம்உ ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுது எளிதாக்கிக்கொள்ளலாம்.

மே மாதத்தில் அங்கே ஃபஜ்ர் விடியற்காலை 4 மணியளவில். மஃரிப் இரவு 8 மணிக்குமேல்; இஷா 10 மணியை ஒட்டி. பகல் நீளம் என்று ஒரே மூச்சில் சுற்றினால் ஃபஜ்ர் போய்விடும். மதியம் அங்கே கடைகள் பல மூடிக்கிடக்கும். அந்நேரத்தில் கைலூலா உறங்கிவிடுங்கள். இங்கே மேற்கே நின்று தொழுது பழகிய கால்கள் அங்கே தென்கிழக்கே திரும்பவேண்டும். விடுதி அறையில் முதல் வேலையாகக் கிப்லாவைக் குறித்துக்கொள்க. ஒழுங்கான ஒரு வசதியையும் சொல்லிவிடுகிறோம். இத்தாலியக் குளியலறைகளில் சுத்தம் செய்துகொள்ளத் தனித் தொட்டி இருப்பது வழக்கம். ஐரோப்பா என்றதும் பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் அடைக்கும் நம்மவர்கள் இந்த ஊருக்கு அவ்வளவு அஞ்சவேண்டியதில்லை.

உணவில் மீனே பாதுகாப்பு. டிராப்பனியில் மீன்குழம்போடு பரிமாறும் 'குஸ்குஸு' வட ஆப்பிரிக்காவின் குஸ்குஸ்தான். குழம்பில் மது சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தெருவோரம் அவித்து வெட்டித் தரும் பேய்க்கணவாய் ஹனஃபிகளுக்கு ஆகாது. ஷாஃபிஈ மருமகன் சாப்பிடட்டும், பார்த்துக்கொண்டிருப்போம். பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது 'கன்னோலி' என்னும் இனிப்புச் சுருள். அதன் மாவில் பன்றிக் கொழுப்பும் மதுவும் சேர்ப்பது பழைய முறை. எனவே கேட்காமல் வாங்கவேண்டாம். எலுமிச்சைக் கிரானிட்டா பிள்ளைகளின் கோபத்தைத் தணிக்கும்.

பெண்களைப் பற்றி. சுருளிக்குக் குடும்பத்தோடு போன பழைய நாள்களை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் அருவியில் நின்றார்கள். பெண்கள் பிரியாணிச் சட்டியருகே நின்றார்கள். புகையிலும் வெயிலிலும் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, மாலையில் வீடு திரும்பி இரவுச் சோறும் வடித்தார்கள். இப்போது சமையலறை உள்ள வாடகைக் குடியிருப்பு மலிவு என்று பதிவுசெய்து, மசாலாப் பொடியும் குக்கரும் பெட்டியில் ஏற்றினால், சுருளியை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோகிறோம் என்றுதான் பொருள். உம்மு ஹராம் (ரலி) தாமாகக் கேட்டார். அவருடைய ஆசைக்கு நபி (ஸல்) அவர்கள் துஆவோடு பதில் தந்தார்கள். நம் வீட்டில் கேட்கப்படாத ஆசைகள் எத்தனை? ஏழில் இரண்டு நாள் எங்கே போவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, அன்று போகவே வேண்டுமா என்பதையெல்லாம் வீட்டுப் பெண்களே முடிவுசெய்யட்டும். பெரியம்மாவுக்கு அறையின் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்றால், அதுவும் ஒரு நாள்தான்.

விருந்தாளியாக நடந்துகொள்வது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. நாம் விருந்தாளிகளைப் பெறும் ஊர்க்காரர்கள். சுருளிப்பட்டிச் சாலையில் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து, கேட்காமல் குலையைத் தொட்டு, பழத்தின் மேலுள்ள சாம்பல் பூச்சைக் கலைத்துவிட்டுப் போகிறவர்களால் விவசாயிக்கு என்ன இழப்பு என்று அறிவோம். ஆற்றில் மிதக்கும் நெகிழிப் புட்டிகளை அறிவோம். சாலையில் நடக்கும் நம் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பவர்களையும் அறிவோம். பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் மீன் விற்கும் கிழவரையும், மசாராவின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் துனீசியத் தாயையும் படமெடுக்கக் கை நீளும்போது அது நினைவுக்கு வரட்டும்.

நடைமுறைக்கு வருவோம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அது சட்டத்தின் கட்டாயம்; ஐயமிருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வளைகுடா வழியாகச் செல்லும்போது இரண்டு இடங்களில் விமானம் மாற நேரலாம். மாறும் நேரம் நாலு மணிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வேளைத் தொழுகையும் முதியவர்களின் காலும் தப்பும். அடுத்த மே மாதம் என்று எண்ணுகிறவர்கள் கடவுச்சீட்டுகளின் காலாவதித் தேதியை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ஜனவரிக்குள் பணம் கடனின்றிச் சேர்ந்திருந்தால் விண்ணப்பியுங்கள். சேரவில்லையென்றால் லோயர் கேம்ப்புக்குப் பேருந்து இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.